நாற்பத்தேழாவது வணக்கம்

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் இலக்கியப் பேரவைக்கு இலக்கியத்தின் மீது எந்தப் பகையும் கிடையாது. நேரம் கிடைத்தால் அதையும் நடத்திவிட வேண்டும் என்றுதான் ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறது. 1984-ஆம் ஆண்டின் மாபெரும் இலக்கியப் பெருவிழாவில் மாலை போடுவதற்கும் பொன்னாடை போர்த்துவதற்கும் நடுவே பதினைந்து நிமிடம் மிச்சம் விழுந்தது. அதில் ஓர் எழுத்தாளரைப் பேச விடலாம் என்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. யாரை என்ற கேள்வி வந்தபோது, ஆள் உயிரோடு இருக்க வேண்டும், பேரவையோடு இன்னும் சண்டை போடாதவராகவும் இருக்க வேண்டும் என்றார் தலைவர். அப்படிச் சலித்துப் பார்த்ததில் நாகையா ஒருவர்தான் மிஞ்சினார்.

நாகையா பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பழக்குலை நிறுக்கும் கொட்டகையில் வேலை செய்பவர். வயது நாற்பத்தெட்டு. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியான வேளைகளில் அவர் எழுதிய பதினோரு கதைகளை, கிள்ளானில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகம் புத்தகமாகப் போட்டுக் கொடுத்திருந்தது. புத்தகத்தின் பெயர் ‘ஆறு மணி லோரி’. அட்டையில் ஒரு லோரி படம் இருந்தது. அட்டைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பேரவையில் யாரும் பார்க்கவில்லை. அது அவர்கள் வழக்கமும் இல்லை.

பேரவையின் கடிதத்தை நாகையா மூன்று முறை தனக்குள் படித்தார். பிறகு பக்கத்து வீட்டிலிருந்து பவுனம்மாளைக் கூப்பிட்டு நான்காம் முறை சத்தமாகப் படித்துக் காட்டினார். பவுனம்மாள் அவர் மனைவி இராஜம்மாவின் தங்கை. அவளுக்கு இடது கால் இழுத்து இழுத்துத்தான் நடக்கும்.

“பதினஞ்சு நிமிஷம்னா எம்மாம் நேரம் மாமா?”

“ஒல அரிசி வெந்து எறக்குற நேரம்.”

“அப்பன்னா அக்கா பேரச் சொல்லிடலாம்” என்றாள் பவுனம்மாள்.

அவள் சொன்னதன் பொருள் இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன்பு, குத்தகைக்காரர் ஒருவரின் லோரி தினமும் காலை ஆறு மணிக்குத் தோட்டத்து வாசலில் வந்து நிற்கும். தோட்டத்துப் பெண்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு தோட்டத்தின் தூரத்து டிவிஷனுக்குப் போகும். இருபது பேர் நிற்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டுப் பேரை நிற்க வைத்துக்கொண்டு போன ஒரு நாள், பாலத்து வளைவில் அது கவிழ்ந்தது. ஐந்து பெண்கள் செத்தார்கள். அதில் ஒருத்தி இராஜம்மா. பவுனம்மாளின் கால் அன்றைக்கு நசுங்கியதுதான்.

பத்திரிகையில் ‘தொழிலாளர் ஐவர் மரணம்’ என்று வந்தது. பெயர் போட இடமில்லை. விசாரணையில் லோரிக்காரர் தரப்பு, பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்ததால்தான் வண்டி கவிழ்ந்தது என்றது. அங்கேயும் அவர்கள் ‘பெண்கள்’தான். நாகையா அதை ‘ஆறு மணி லோரி’ என்று கதையாக எழுதி ஞாயிறு மலருக்கு அனுப்பினார். மலர் ஆசிரியர், இராஜம்மா என்ற பெயர் கதாநாயகிக்கு எடுபடாது என்று சொல்லிப் ‘பூங்கோதை’ ஆக்கிவிட்டார். கையெழுத்துப் பிரதி அவரிடமே தங்கிவிட, அச்சகத்துக்காரரும் மலரைப் பார்த்தே எழுத்துக் கோத்தார். ஆக, புருஷன் எழுதிய புத்தகத்தில்கூட இராஜம்மாவின் பெயர் இல்லை. அந்தப் பெயரைக் கடைசியாக நாலு பேர் முன்னால் உரக்கக் கூப்பிட்டது தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிதான். விபத்துக்கு மறுநாள் விடிகாலைப் பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கெடுக்கும்போது பழக்க தோஷத்தில் “இராஜம்மா!” என்று கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு பேனாவால் கோடு போட்டார். அந்த வரிசையில் நாகையாவும் நின்றிருந்தார்.

மேடையில் ஒரு முறை அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். நாகையாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எழுத்தாளர் உரைக்கு மூன்று சனிக்கிழமை ஒத்திகை உண்டு என்று கடிதம் சொன்னது. முதல் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் நாகையா பந்திங்கில் பஸ் ஏறி, கிள்ளானில் பஸ் மாறி, பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தார். சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் பேரவை இருந்தது. தலைவர் முத்துக்குமாரு, அரசாங்கத்தில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழைத்தான் கூட்டத்திலும் பேசுவார். அவருக்குப் பக்கத்தில் செயலாளர் ஜெயராஜ் உட்கார்ந்திருந்தார். காப்புறுதி ஏஜெண்டு. கையில் பந்தய ஓட்டத்துக்கு நேரம் பார்க்கும் கடிகாரம் ஒன்று வைத்திருந்தார்.

“வாருங்கோ நாகையா. உங்கட உரைய நாலு பிரதி கொண்டு வந்தனீங்களோ?” என்றார் முத்துக்குமாரு.

நாகையா நாலு பிரதியையும் மேசையில் வைத்தார். கார்பன் தாள் வைத்து எழுதியவை. “படிச்சுப் பாத்துட்டு எதுவும் மாத்தணும்னா சொல்லுங்கய்யா” என்றார்.

“வாசிக்கிறதோ? வாசிக்கிறதுக்கு எங்க நேரம்? ஒண்டு எனக்கு, ஒண்டு செயலாளருக்கு, ஒண்டு கோப்புக்கு. மற்றது துலைஞ்சு போறதுக்கு. ஒவ்வொரு வருஷமும் ஒண்டு துலையும். அதுக்கும் ஆயத்தமா இருக்க வேணும் பாருங்கோ.”

ஜெயராஜ் ஒரு பிரதியை எடுத்து, பள்ளிக்கூட ரூலரால் எழுத்தின் நீளத்தை அளந்தார். ஓர் அடிக்கு ஒரு நிமிடம் என்பது அவர் கணக்கு.

“பதினாலே கால் நிமிஷம். ரொம்ப அழகா எழுதியிருக்கீங்கண்ணே. ஆனா இதுல ‘அவை வணக்கம்’ எங்க?”

“‘அனைவருக்கும் வணக்கம்’னு ஆரம்பத்துல போட்டிருக்கேனே.”

ஜெயராஜ் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறையில் யாரோ செத்துப்போனதுபோல் ஆயிற்று.

“அண்ணே, ஒங்களுக்குத் தெரியாது லா” என்றார் ஜெயராஜ், நோயாளியிடம் பேசும் குரலில். “போன வருஷம் பேசுனவரும் இப்படித்தான். மைக்கப் புடிச்சாரு, ‘வணக்கம்’னு ஒரே வார்த்த, நேரா இலக்கியத்துக்குப் போயிட்டாரு.”

“அப்புறம்?”

“பேரவ ரெண்டா ஒடஞ்சிருச்சு.”

துணைப் புரவலர் ஒருவரின் பெயர் சொல்லப்படாததால் அவர் எழுந்து போனார். அவரோடு பதினேழு பேர் போனார்கள். அவர்கள் கிள்ளானில் அதே பெயரில் இன்னொரு பேரவை வைத்தார்கள். ரப்பர் முத்திரை யாருக்கு என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த எழுத்தாளர் என்ன பேசினார் என்று நாகையா கேட்டார். அது யாருக்கும் ஞாபகமில்லை.

ஆகவே இந்த ஆண்டு முதல் பேச்சாளர், அவையிலுள்ள பெரியவர்களைப் பட்டம், விருது, பதவி குறையாமல் பெயர் பெயராக விளித்து வணங்கிவிட்டுத்தான் பேச வேண்டும். பட்டியலில் பதினொரு பேர் இருந்தார்கள். ஜெயராஜ் கடிகாரத்தை அமுக்கினார். நாகையா படித்தார். மூன்றே முக்கால் நிமிடம் ஆனது. உரையில் மூன்று அடியை வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

நாகையா அடுத்த வாரம் முழுக்கத் தராசுக் கொட்டகையில் உட்கார்ந்து வெட்டினார். தோட்டத்துக்கு முதல் முதல் வந்த கதையை எடுத்தார். தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கதையை எடுத்தார். இராஜம்மாவைத் தொடவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை பட்டியல் இருபத்தொன்பது பேராகியிருந்தது. கிள்ளான் பேரவை சமாதானத்துக்கு வந்ததில் பதினேழு பேரும் திரும்பியிருந்தார்கள், துணைப் புரவலர் தனி. சமாதானத்தின் முதல் நிபந்தனையே அந்தப் பட்டியல்தான். பி.ஜே.கே. விருது வாங்கியவருக்கு முன்னால் ஜே.பி. பட்டம் உள்ளவர் வரலாமா என்று அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். டத்தோ பட்டம் வாங்கிய தலைமைப் புரவலரின் மனைவியை அவருக்கு அடுத்துச் சொல்வதா, டத்தோவின் அண்ணனுக்கு அடுத்துச் சொல்வதா என்பதில் ஒருவர் கண்ணீர் விட்டார். மகளிர் பிரிவுத் தலைவி குணபூசணி, மைக் முன்னால் நின்று பழகிய தொண்டையோடு, பெண்ணினத்துக்கே இது இழுக்கு என்றார். கடைசியில் டத்தோவின் மனைவியான டத்தின் மூன்றாவதாக வந்தார்.

போன வாரம் கடிகாரத்துக்குப் பயந்து கடகடவென்று வாசித்துத் தள்ளிய முதல் பெயரை நாகையா அப்போதுதான் சரியாகப் பார்த்தார். ‘பேரவையின் தலைமைப் புரவலர், சபாபதி டிரான்ஸ்போர்ட் அதிபர் டத்தோ சபாபதி அவர்கள்.’

பந்திங் ஆஸ்பத்திரி வாசலில் ஐந்து பிணமும் துணி மூடிக் கிடந்த அன்று, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காரிலிருந்து இறங்கி, டிரைவரிடம் “வண்டி ஓடுற நெலமையில இருக்கா?” என்று கேட்டது நாகையாவின் காதுக்குள் அப்படியே இருந்தது.

“இவரு அப்ப லோரி வச்சிருந்தவரா?” என்றார்.

“இப்பவும்தான் வச்சிருக்காரு. நாப்பது லோரி” என்றார் ஜெயராஜ் பெருமையாக. “அண்ணே, ஒங்களுக்கு ஒரு ரகசியம் சொல்றேன். டத்தோ இந்த வருஷம் புரவலரா இருக்க முடியாதுன்னுதான் சொன்னாரு. நான்தான் ஒங்க புத்தகத்த எடுத்துட்டுப்போய் அட்டையக் காமிச்சேன். ‘ஆறு மணி லோரி’! மனுஷன் ரெண்டு கையாலயும் வாங்கிப் பாத்தாரு. இத்தன வருஷத்துல நம்ம தொழிலுக்கு ஒருத்தன் மரியாத செஞ்சிருக்கானேன்னு கண்ணு கலங்கிருச்சு. ஒங்களாலதான் இந்த விழாவே நடக்குது.”

அதன் பிறகு நாற்காலி ஒத்திகை நடந்தது. மடக்கு நாற்காலிகளைப் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டை ஒட்டினார்கள். டத்தோவின் நாற்காலிக்கு மட்டும் பஞ்சு மெத்தை வைத்தார்கள். நாகையா ஒவ்வொரு பெயரையும் சொல்லி, அந்தந்த நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டுக் குனிய வேண்டும். டத்தோவின் மெத்தைக்கு அவர் குனிந்தது போதவில்லை என்று ஐந்து முறை திரும்பச் செய்ய வைத்தார்கள். “இன்னும் கொஞ்சம்ணே. ஆனா மைக்கு கண்ணுல குத்திக்கக் கூடாது” என்றார் ஜெயராஜ். மனைவியைக் கொன்றவரின் மெத்தைக்கு ஆறாவது முறை சரியாகக் குனிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பவுனம்மாளிடம் சொன்னார். தான் போகப்போவதில்லை என்றும் சொன்னார். பவுனம்மாள் வெகு நேரம் தன் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“போங்க மாமா. அவன் ஒக்காந்து கேக்கட்டும். அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. நானும் வரேன்.”

மூன்றாம் சனிக்கிழமை பட்டியல் நாற்பத்தாறில் வந்து நின்றது. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு நாற்காலி வாடகைக்காரர், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பொன்னாடை மொத்தமாகக் கொடுத்த துணிக்கடைக்காரர், மைக் செட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்திருந்தார்கள். நாகையா மூச்சு விடாமல் படித்தார். ஜெயராஜ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பூரித்தார்.

“பதினாலே கால் நிமிஷம்! நீங்க மொதல்ல கொண்டுவந்த பேச்சும் இதே நீளம்தாண்ணே. என்ன பொருத்தம் பாருங்க!”

“மிச்சம் முக்கா நிமிஷம்தான் இருக்கு” என்றார் நாகையா.

“தாராளம்.”

நாகையா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்தார். வெட்டி வெட்டி அதில் இரண்டே வரி மிஞ்சியிருந்தது. ‘இந்தக் கதையில் வரும் பெண்ணின் உண்மைப் பெயர் இராஜம்மா. அவர் என் மனைவி.’

முத்துக்குமாரு மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒன்றைப் படித்தார். இரண்டு வரிதான் என்பதால் முடிந்தது.

“ஆர் இந்த இராஜம்மா? கதையில வேற பேரெல்லோ?”

“ஆமாங்கய்யா. மலர்ல மாத்திட்டாங்க. அதத்தான் நான்…”

“சனம் குழம்புமெல்லோ. அதோட, பெரிய ஆக்கள் இருக்கிற சபையில வீட்டு விசயம் கதைக்கிறது மரியாதையில்ல. இஞ்ச பாருங்கோ நாகையா. நான் முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்தில இருந்தனான். ஒரு கோப்பையும் திறந்து பாத்ததில்ல. ஆனா ஒரு கோப்பும் பிழையான மேசைக்குப் போனதுமில்ல. இலக்கியமும் அப்பிடித்தான். உள்ளுக்க என்ன கிடக்கு எண்டது முக்கியமில்ல. ஆருக்குப் பின்னால ஆர் எண்டதுதான் முக்கியம். இத விளங்கிக்கொண்டால் நீங்கள் பெரிய எழுத்தாளரா வருவீங்கள்.”

சொல்லிவிட்டுச் சிவப்பு மையால் இரண்டு வரியையும் அடித்தார். ‘வாய்ப்பளித்த பேரவைக்கு நன்றி’ என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது நாகையா அழவில்லை. அழுகை வரும் இடத்தில் வெறும் எரிச்சல்தான் இருந்தது. அவர் மீதே அவருக்கு எரிச்சல். பவுனம்மாளிடம் பட்டியலைக் காட்டி, “இதுதான் என் பேச்சு” என்றார். எழுதப் படிக்கத் தெரியாத பவுனம்மாள் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

“வெறும் பேராவா கூப்புடணும்?”

“ஆமா.”

“பெரட்டுல கூப்புடுற மாதிரி?”

“அதே மாதிரிதான்.”

“அப்ப அக்காவையும் அதுலயே ஏத்திடுங்க” என்றாள்.

விழாவன்று ஞாயிறு. மண்டபத்தில் ஆள் நிறைய வேண்டும் என்பதற்காக டத்தோ பந்திங், கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆறு லோரி அனுப்பியிருந்தார். நாகையாவின் தோட்டத்துக்கும் ஒன்று வந்தது. நாகையாவும் பவுனம்மாளும் பஸ்ஸில் போனார்கள். பத்து மணி விழாவுக்கு டத்தோ பன்னிரண்டே காலுக்கு வந்தார். அதுவரை குணபூசணி மைக்கில், “முத்தமிழும் கைகட்டிக் காத்திருக்கும் இவ்வேளையில்” என்று இருபத்தாறு முறை சொன்னார். நாகையா எண்ணினார். அவருக்கு வேறு வேலையில்லை.

மாலைகள் முடிய ஒன்றரை ஆனது. பிறகு டத்தோ தலைமையுரை ஆற்றினார்.

“நான் புத்தகம் படிக்கிறவன் இல்ல. உண்மையச் சொல்ல எனக்கு வெக்கமில்ல” என்றார். மண்டபம் இந்த எளிமைக்குக் கைதட்டியது. “ஆனா நம்ம நாகையா எழுதுன புத்தகத்து அட்டையப் பாத்தேன். லோரி! யாருங்க இன்னைக்கு லோரிக்காரன நெனச்சுப் பாக்குறா? நாங்க படுற பாடு ஒங்களுக்குத் தெரியாது. ரோடு சரியில்ல. டிரைவரு சரியில்ல. ஏத்துறது ஒழுங்கா நின்னாத்தான வண்டி ஒழுங்கா போகும்? ஏத்துறதும் சரியில்ல! கவுந்துச்சுன்னா மட்டும் எல்லாரும் நம்மளத்தான் கேப்பாங்க. அந்தக் கஷ்டத்தையெல்லாம் இந்தத் தம்பி எழுதியிருப்பாருன்னு நெனக்கிறேன். எழுதாட்டி அடுத்த புத்தகத்துல எழுதட்டும். நான் சொல்றேன்.”

மண்டபத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பவுனம்மாள் கைதட்டவில்லை. அவள் இரண்டு கையும் முழங்கால் மேல் இருந்தன.

எழுத்தாளர் நாகையா அழைக்கப்பட்டார். ஜெயராஜ் மேடை ஓரத்தில் கடிகாரத்தோடும் மணியோடும் நின்றார். நாகையா பட்டியலைப் பிரித்தார். முதல் பெயரைச் சொல்லி, ஒத்திகையில் பழகிய அளவுக்குச் சரியாகக் குனிந்தார். கைதட்டல். இரண்டாம் பெயர், கைதட்டல். விளிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று, திரும்பிப் பார்த்து, உட்கார்ந்தார்கள். பெயர் வராதவர்கள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். பேரவையின் பத்து வருஷ வரலாற்றில் ஒரு பேச்சை அவை இத்தனை உன்னிப்பாகக் கேட்டது கிடையாது. நாற்பத்தாறாவது பெயர் மைக் செட்டுக்காரருடையது. அவரும் எழுந்து கும்பிட்டார்.

முக்கால் நிமிடம் மிச்சமிருந்தது. தலைவர் எழுதிக் கொடுத்த நன்றி வரியை நாகையா பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“மதிப்பிற்குரிய… திருமதி இராஜம்மா நாகையா அவர்களே, வணக்கம்.”

குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனாலும் ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. பெயர் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போய் மோதியது. நாகையா டத்தோவைப் பார்த்தார். டத்தோ புன்னகையோடு, மற்ற நாற்பத்தாறு பேருக்கும் தட்டியதுபோலவே, கை தட்டினார். மண்டபமே தட்டியது. யார் எழுந்திருக்கிறார் என்று முன்வரிசை திரும்பித் திரும்பித் தேடியது. நாகையா வாயைத் திறப்பதற்குள் ஜெயராஜ் மணி அடித்துவிட்டார்.

“அருமைண்ணே! இந்த மாதிரி ஒரு பேச்ச நான் கேட்டதே இல்ல” என்று ஜெயராஜ் அவரைக் கட்டிப்பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

சொல்லியாகிவிட்டது. தூணோரம் பவுனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது. அதோடு இருவரும் எழுந்து பஸ்ஸுக்குப் போயிருந்தால் கதை நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் பேரவையின் விதிமுறை ஒன்று மிச்சமிருந்தது. அவை வணக்கத்தில் பெயர் வந்தவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பொன்னாடை உண்டு. குணபூசணி கடமை தவறாதவர். நாகையா சொல்லச் சொல்லப் பெயர்களைத் தன் தாளில் டிக் அடித்துக்கொண்டே வந்தவர், பட்டியலில் இல்லாத நாற்பத்தேழாவது பெயர் வந்ததும் தலைவர் கடைசி நேரத்தில் சேர்த்தது என்று நினைத்துக் கீழே எழுதிக்கொண்டார். தலைவர், அது செயலாளர் சேர்த்தது என்று நினைத்தார். செயலாளர், அது டத்தோவுக்கு வேண்டியவர் என்று நினைத்தார். கடைசி ஒத்திகையில் சிவப்பு மையால் அடித்த பெயர் அதுதான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நாற்பத்தாறு பொன்னாடை முடிந்ததும் குணபூசணி அழைத்தார். “அடுத்து, நம் பெருமதிப்பிற்குரிய திருமதி இராஜம்மா அவர்களைப் பொன்னாடை பெற மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்.”

யாரும் வரவில்லை. மறுபடியும் அழைத்தார். மூன்றாம் முறை அழைத்தபோது கடைசி வரிசையிலிருந்து பவுனம்மாள் எழுந்தாள். அக்கா பெயரை யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காலை இழுத்து இழுத்து நடுவழியில் பாதி தூரம் வந்ததும் ஜெயராஜ் ஓடிவந்து மறித்தார்.

“நீங்கதான் இராஜம்மாவா?”

“இல்லீங்க. நான் தங்கச்சி.”

“அவங்க எங்க?”

“அக்கா செத்துப் போயிட்டாங்க.”

ஜெயராஜ் ஒரு நிமிடம் யோசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மேடையில் டத்தோ பொன்னாடையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், கை வலித்திருக்கும். ஜெயராஜ் மேடையைப் பார்த்து, ஆள் வரவில்லை என்று சைகை காட்டினார்.

“தவிர்க்க இயலாத காரணத்தால் திருமதி இராஜம்மா அவர்களால் இன்று வர இயலவில்லை” என்று குணபூசணி தேன் சொட்ட அறிவித்தார். “அவர் சார்பில் நம் டத்தோ அவர்களே பொன்னாடையைப் பெற்றுக்கொள்வார்கள்!”

முத்துக்குமாரு பொன்னாடையை வாங்கி டத்தோவுக்குப் போர்த்தினார். டத்தோ மைக்கைக் கேட்டு வாங்கினார். அரசியல் மேடைகளில் ஏறி இறங்கியவர். தெரியாது என்று எந்தப் பெயரையும் சொல்லிப் பழகாதவர்.

“இராஜம்மா எனக்கு ரொம்ப வேண்டியவங்க. எத்தனையோ வருஷமா தெரியும். தன்னலம் பாக்காம ஒழச்சவங்க. இன்னைக்கு வர முடியல, பரவால்ல. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.”

நாகையா மேடை ஓரத்தில் நின்றார். மைக் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. மைக் செட்டுக்காரர் அதற்குள் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார். எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். நாகையாவும் நின்றார்.

அடுத்த ஞாயிறு மலரில் படம் வந்தது. ‘திருமதி இராஜம்மா சார்பில் பொன்னாடை பெறுகிறார் டத்தோ சபாபதி’. அவள் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் முறை. பவுனம்மாள் அதை வெட்டி ஒட்டி வைக்கலாமா என்று கேட்டாள். டத்தோவை விட்டுவிட்டு, நாகையா தொட்டுக் காட்டிய பெயரை மட்டும் வெட்டப் பார்த்தாள். பெயர் டத்தோவின் காலடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது, கத்திரிக்கோலை வைத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துப் பேரவையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அச்சடித்த படிவம், கோடிட்ட இடங்களில் மட்டும் பேனா எழுத்து. நாகையாவுக்கு வந்ததல்ல. உறையின் மேல் ‘திருமதி இராஜம்மா நாகையா’ என்றிருந்தது. அவள் பெயருக்கு வந்த முதல் கடிதமும் அதுதான். பெருவிழாவுக்குத் தாங்கள் வராததற்குப் பேரவை வருந்துகிறது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் தங்கள் பெயர் நாற்பத்தேழாவதாக நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. வராததன் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும். போக்குவரத்துச் சிரமம் காரணமானால் டத்தோ அவர்கள் லோரி அனுப்பி வைப்பார்கள்.

நாகையா படித்து முடித்ததும் பவுனம்மாள் கேட்டாள். “ஒரு தடவ ஏத்திட்டுப் போனது பத்தாதாமா?”

நாகையா அன்று மத்தியானமே தராசுக் கொட்டகையில் உட்கார்ந்து பதில் எழுதினார். ஒரு வார்த்தையையும் சுற்றி வளைக்கவில்லை. என் மனைவி இராஜம்மா 1979-இல் டத்தோ சபாபதியின் லோரி கவிழ்ந்து செத்துப்போனாள், அவளால் இனி எந்த விழாவுக்கும் வர முடியாது, ‘ஆறு மணி லோரி’ அவளுடைய கதைதான், தயவுசெய்து படித்துப் பாருங்கள் என்று எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். நாலு பிரதி எடுத்து, நாலையும் ஒரே உறையில் போட்டு, பந்திங் தபாலாபீசில் பதிவுத் தபாலாக அனுப்பினார்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. அதே அச்சடித்த படிவம். ஜெயராஜின் கையெழுத்து.

‘திருமதி இராஜம்மா அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ச்சி. லோரி தொடர்பான தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. விழா நாளன்று காலை ஆறு மணிக்குத் தோட்டத்து வாசலில் தயாராக நிற்கவும்.’